சின்ன வெள்ளை மாத்திரை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். அதையெல்லாம் தாண்டி தலைச்சோலைக்குப் போனால், அங்கே என் கல்லூரித் தோழன் இருக்கிறான். பி.காம். மூன்று வருடமும் ஒரே பெஞ்ச். நான் பேனாவைப் பிடித்தேன். அவன் அப்பாவின் இரண்டு ஏக்கர் காபித் தோட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

சில்வர் ஓக் மரத்தில் ஏணியைச் சாய்த்து, உச்சி வரை ஏறி மிளகு பறிப்பான். கீழே நிற்கிற எனக்குத்தான் தலை சுற்றும்.

இந்தத் தடவை போனால், ஏணி சுவரோரம் கிடக்கிறது. இவன் நாற்காலியில். பக்கத்தில் ஊன்றுகோல்.

‘‘சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு வருஷமாச்சு மாப்ளே...’’

முதலில் தொடை இடுக்கில் வலி. ஏணி ஏறின சுளுக்கு என்று விட்டுவிட்டான். வலி முழங்காலுக்கு இறங்கியது. முழங்காலுக்குத் தைலம், முழங்காலுக்கு எக்ஸ்ரே. எல்லாம் நார்மல்! எட்டு மாதம் கழித்து இடுப்பை எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தொடை எலும்பின் பந்து போன்ற தலை, ரத்த ஓட்டம் இல்லாமல் செத்துக்கொண்டிருந்தது. ‘அவாஸ்குலர் நெக்ரோசிஸ்’ என்று பெயர்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: ‘‘ஸ்டீராய்டு எடுத்திருக்கீங்களா?’’

‘‘இல்லீங்க சார். வீசிங்குக்கு சின்ன வெள்ளை மாத்திரை மட்டும்தான்.’’

அதுதான் ஸ்டீராய்டு. பிரட்னிசோலோன்.

அவன் மனைவி உள்ளேயிருந்து பழைய மருந்துச் சீட்டை எடுத்து வந்து காட்டினார். ‘‘அஞ்சு நாளைக்குன்னுதாண்ணே எழுதியிருக்கு. மூணு வருஷமா இதையே காட்டி வாங்கியிருக்காரு.’’

எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தச் சீட்டை வாங்கிப் போய், சென்னையில் ஒரு கடையில் நாலு தடவை அட்டை அட்டையாக வாங்கி அனுப்பியவன் நான்தான். நட்புக்குச் செய்த உதவி!

இதில் ஒரு கொடுமை, டாக்டர் இன்ஹேலர்தான் தினசரி எடுக்கச் சொல்லியிருக்கிறார். ‘அது பழகிடும்’ என்று பயந்து, இவன் மாத்திரைக்குப் போயிருக்கிறான். இன்ஹேலரில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு. மாத்திரையில் மில்லிகிராம் கணக்கு. ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். பி.காம். படித்த இரண்டு பேருக்கும் இந்தக் கணக்கு தெரியவில்லை.

இடுப்புப் பந்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மிகவும் மெல்லியவை. அடைத்தால் மாற்று வழி கிடையாது. ஸ்டீராய்டை அதிக அளவில், அதிக நாள் எடுப்பவர்களில் சிலருக்கு அந்தக் குழாய்கள் கொழுப்பால் அடைபடலாம். வருடக்கணக்கில் அளவுமீறிக் குடித்தாலும் அதே கதி. (‘‘சாயங்காலம் ஒரு குவார்ட்டர்...’’ என்று இழுத்தான் நண்பன்.) பைக்கில் விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்தாலோ, இடுப்பு மூட்டு நழுவினாலோ ரத்தக்குழாய் அறுந்துபோகலாம். அரிவாள் செல் ரத்தசோகை, லூபஸ், புகைப்பழக்கம், ஆழ்கடலில் மூழ்கி வேகமாக மேலே வருவது என்று பட்டியல் இன்னும் நீளும். சிலருக்குக் காரணமே தெரிவதில்லை.

கொரோனாவுக்குப் பிறகு இந்த நோயின் பெயர் நம் ஊர்களில் அதிகம் அடிபட்டது. கொரோனாவிலிருந்து மீண்ட மூன்று பேருக்கு இடுப்பு எலும்பு இப்படிப் பாதிக்கப்பட்டதை, 2021-ல் மும்பை ஹிந்துஜா மருத்துவமனை டாக்டர்கள் மருத்துவ இதழில் எழுதினார்கள். சிகிச்சையில் அவர்களுக்குச் சேர்ந்த ஸ்டீராய்டு, சராசரியாக 758 மில்லிகிராம் பிரட்னிசோலோனுக்குச் சமம். கொரோனா உறுதியாகி சராசரியாக 58 நாளில் பாதிப்பு தெரிந்துவிட்டது.

அதற்காக ஸ்டீராய்டை வில்லனாக்கிவிடாதீர்கள். 2020-ல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டுதான். டாக்டர் எழுதினால் எழுதிய அளவு, எழுதிய நாள். நீண்ட நாள் எடுப்பவர்கள் நாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. அதுவும் ஆபத்து. டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஸ்டீராய்டு எடுத்தவருக்கோ குடிப்பவருக்கோ தொடை இடுக்கில் வலி வந்து போகாமல் இருந்தால், அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரே ஏமாற்றும், எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுக்கும். சீக்கிரம் பிடித்தால் எலும்பில் துளையிட்டு அழுத்தத்தைக் குறைத்து, பந்தைக் காப்பாற்ற முயற்சி செய்யலாம். பந்து நொறுங்கிவிட்டால் பெரும்பாலும் செயற்கை மூட்டுதான். நண்பனுக்கு அடுத்த மாதம் அது.

கிளம்பும்போது அவன் மனைவி ஒரு பொட்டலம் மிளகு கொடுத்தார். அவன் ஒரு சீட்டை நீட்டினான்.

‘‘பிரஷர் மாத்திரை மாப்ளே. சென்னையில வாங்கி அனுப்பறியா?’’

வாங்கியதும் நான் முதலில் பார்த்தது தேதியை.