தோற்றால் வியாழக்கிழமை

மார்ச் கடைசியில் என் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டது. ஆனால் மூடவில்லை. கம்பளிச் சட்டைகள் உள்ளே போயிருந்தன. முழங்கால் உறையும் டேப் சுருள்களும் இரண்டு ஜோடி ஷூவும் வெளியே கிடந்தன. வட இத்தாலியில் ஒரு சின்ன ஊர். வீடு கிளப்புடையது, காரும் கிளப்புடையது. அக்டோபரில் தொடங்கிய வாலிபால் லீக் ஆட்டங்கள் முடிந்து பிளே-ஆஃப் வந்துவிட்டது. இனி எத்தனை நாள் இங்கே இருப்பேன் என்பதை என்னைக் கேட்டுப் பயனில்லை. எதிர் அணியைத்தான் கேட்க வேண்டும்.

அம்மாவுக்கு இது புரியவே இல்லை.

"எப்ப எய்யா வருவ?"

"தோத்தா வியாழக்கிழமை. ஜெயிச்சா தெரியாதும்மா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "தோத்தா சம்பளத்துல பிடிப்பாங்களோ?"

"அதெல்லாம் பிடிக்க மாட்டாங்க."

"அப்பச் சரி."

எது சரி என்று நான் கேட்கவில்லை. அம்மன் கோயிலில் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் விளக்குப் போடுகிறாள் என்று தங்கச்சி சொன்னாள். எந்தப் பக்கத்துக்கு வேண்டிக்கொண்டு போடுகிறாள் என்று அவளும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் கிளம்பும்போது மூன்று பாட்டில் பருப்புப் பொடி கொண்டுவந்தேன். வாரத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டது மார்ச் மாதம் வரைக்கும்தான். நாங்கள் பிளே-ஆஃப் போவோம் என்று கிளப் நிர்வாகமே நினைக்கவில்லை, அம்மா எப்படி நினைப்பாள்? முதல் சுற்றை இரண்டே ஆட்டத்தில் ஜெயித்த இரவு, எல்லோரும் உடை மாற்றும் அறையில் தண்ணீரை வாரி இறைத்துக் கூத்தாடினார்கள். நானும் ஆடினேன். வீட்டுக்கு வந்து சோறு வடித்து, மூன்றாவது பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் இரண்டு விரல் உயரம். அன்றிலிருந்து கரண்டிக்குப் பதில் டீஸ்பூன். இங்கே கிடைக்கும் அரிசி ரிசோட்டோவுக்கு ஆனது, குழைந்து ஒட்டிக்கொள்ளும். பொடி இல்லாமல் அதைத் தின்பது ஒரு தண்டனை.

எங்கள் பக்கம் சித்திரை, வைகாசியில் மின்னொளி கைப்பந்துப் போட்டி நடக்கும். 'கைப்பந்து' என்பது நோட்டீஸில் மட்டும்தான். வாயில் வருவது வாலிபால். அங்கே தோற்றால் அதோடு சரி. ராத்திரி இரண்டு மணிக்கு வேனில் ஏறி, வழியில் புரோட்டா தின்று, விடியும்போது வீட்டில் இருப்போம். நம்மைத் தோற்கடித்தவன் முகம் மறுநாளே மறந்துபோகும். இங்கே மூன்று ஆட்டம், இரண்டை ஜெயிக்க வேண்டும். ஞாயிறு, புதன், மறுபடி ஞாயிறு. எட்டே நாளில் அதே ஆறு பேரை வலைக்கு அந்தப்பக்கம் மூன்று தடவை பார்ப்பது சொந்தக்காரர்களோடு ஒரே வீட்டில் தங்குவது மாதிரி. எவன் எப்போது இருமுவான் என்பது வரைக்கும் தெரிந்துவிடும். ஒன்றுக்கு ஒன்று என்று சமமாகி மூன்றாவது ஆட்டம் வந்தால் அதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் 'லா பெல்லா'. அழகி! முந்தின இரவெல்லாம் தூங்கவிடாத ஒன்றுக்கு இந்தப் பெயரை வைத்தவன் குறும்பன்தான்.

பெயர் என்றதும் இன்னொன்று. பள்ளிக்கூட நாளிலிருந்து 'லிபரோ' என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அது இத்தாலியச் சொல் என்று இங்கே வந்துதான் தெரிந்தது. 'சுதந்திரமானவன்' என்று பொருளாம். பின்வரிசையில் நின்று பந்தை எடுப்பவன், 1998-ல் சர்வதேச ஆட்டத்துக்குள் வந்த ஆள். வலைக்கு மேலிருக்கும் பந்தை அவன் அடிக்கக்கூடாது, பிளாக்குக்குக் குதிக்கக்கூடாது. அணியிலேயே அதிகத் தடை உள்ளவனுக்குச் சுதந்திரமானவன் என்று பேர்! நான் நடுவில் நிற்கும் பிளாக்கர். பின்வரிசைக்குப் போனால் என் இடத்தில் அவன் இறங்குவான், நான் கோட்டுக்கு வெளியே நின்று துண்டால் கையைத் துடைத்துக்கொண்டிருப்பேன். பாதி ஆட்டத்தை வெளியே நின்று பார்க்கிற தொழில் என்னுடையது.

இரண்டாவது சுற்றில் முதல் ஆட்டம் எங்களுக்கு. செட்டர் பந்தைத் தூக்கித் தந்த வேகத்திலேயே நான் அடித்த குயிக் எல்லாம் தரையில் இறங்கியது. புதன்கிழமை ஒன்றும் இறங்கவில்லை. அடிக்கப் போகும் இடத்தில் நாலு கை எனக்கு முன்னாலேயே காத்திருந்தது. மறுநாள் எங்கள் புள்ளிவிவரக்காரன் மடிக்கணினியோடு வந்தான். ஒவ்வொரு தொடுதலையும் எழுத்தும் எண்ணுமாகக் குறித்து வைக்கும் டேட்டா வாலி என்ற மென்பொருளைச் செய்தவர்களும் இத்தாலிக்காரர்கள்தான். இவன் பந்தைக் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் என்னைப் பற்றி என் அம்மாவுக்குத் தெரியாததெல்லாம் அவனுக்குத் தெரியும். படத்தை நிறுத்தினான். செட்டரிடம் பந்து போவதற்கு முன்னால், என் இடது கை இடுப்பில் நிக்கரை மேலே இழுத்து விடுகிறது. அடுத்த பந்து, மறுபடி. குயிக்குக்குப் போகாதபோது இழுக்கவில்லை.

"அவர்களும் பார்த்துவிட்டார்கள்" என்றான்.

பள்ளிக்கூட நாளில் அண்ணனின் பழைய நிக்கர்தான் எனக்கு. இரண்டு அளவு பெரியது, நாடா நிற்காது. ஓடுவதற்கு முன்னால் இழுத்துவிட்டுக்கொள்ளாமல் குதித்தால் மானம் போய்விடும். பதினைந்து வருஷம் கழித்து, சரியான அளவில் கிளப் தைத்துக் கொடுத்த நிக்கருக்குள்ளும் அந்தக் கை அப்படியே இருக்கிறது.

நடுவில் ஒரு நாள் ஓய்வு. காரை எடுத்துக்கொண்டு பிரேஷா பக்கத்தில் மோந்திகியாரிக்குப் போனேன். இங்கே விளையாட்டு அரங்கங்களின் பெயரெல்லாம் 'பலா' என்று தொடங்கும். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பழம்தான் ஞாபகம் வரும். அந்த ஊர் அரங்கத்தின் பெயர் பலாஜார்ஜ். ஜார்ஜ் என்பது நம் ஜிம்மி ஜார்ஜ். கண்ணூர் மாவட்டம் பேராவூர்க்காரர், கேரள போலீஸ் அணியில் ஆடியவர். 1979-ல் அபுதாபிக்குப் போய், பிறகு இத்தாலிக்கு வந்தார். 1986-ல் சியோல் ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கிய இந்திய அணியில் இருந்தார். 1987 நவம்பர் 30-ம் தேதி இத்தாலியில்தான் கார் விபத்தில் இறந்தார். 32 வயது. அவர் பெயரில் திருவனந்தபுரத்தில் அரங்கம் இருப்பது நமக்குத் தெரியும். இத்தாலியில் ஒரு ஊர் தன் அரங்கத்துக்கு அவர் பெயரை வைத்திருப்பது பலருக்குத் தெரியாது. கதவு பூட்டியிருந்தது. சுற்றி ஒரு நடை நடந்தேன். வாட்ஸப் இல்லாத காலத்தில், பொடி தீர்ந்தால் என்ன செய்திருப்பார் என்றுதான் தோன்றியது. பெரிய ஆளைப் பற்றி நினைக்க வேண்டியது இது இல்லைதான்.

திரும்பும் வழியில் ஏஜென்டிடமிருந்து போன். அடுத்த சீசனுக்கு என் இடத்துக்கு வேறொருவனோடு கிளப் கையெழுத்துப் போட்டாயிற்றாம். இந்தத் தொழிலில் இது அதிசயமில்லை. பிளே-ஆஃப் நடக்கும்போதே அடுத்த வருஷக் கடை திறந்துவிடும். யார் எங்கே போகிறான் என்பது உடை மாற்றும் அறையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். போகச் சொல்லிவிட்ட வீட்டுக்காகத்தான் இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குதிக்க வேண்டும். கோபம் வரும் என்று நினைத்தேன். பயிற்சியாளர் மறுநாள் வழக்கம்போல என் தோளைத் தட்டினார், நானும் வழக்கம்போல முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டேன்.

அழகியின் ஆட்டம் அவர்கள் ஊரில். லீக் பட்டியலில் அவர்கள் மேலே. மேளச் சத்தத்தில் செட்டர் என்ன சொல்கிறான் என்பதை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். ஐந்தாவது செட்டுக்குப் போனது. 13-14. எங்கள் லிபரோ சர்வீஸை அழகாக எடுத்து செட்டர் தலைக்கு மேல் வைத்தான். பந்து எனக்குத்தான் வரும் என்று தெரியும். இழுக்காதே, இடது கையை இழுக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இழுக்கவில்லை. அதைச் சொல்லிக்கொண்ட நேரத்துக்குக் கால் தாமதமாகிவிட்டது. அந்தப்பக்கம் இரண்டு கை. பந்து என் நெஞ்சில் பட்டு என் காலடியிலேயே விழுந்தது.

பஸ்ஸில் பிட்ஸா பெட்டிகள் முன்னாலிருந்து பின்னால் வந்தன. தோற்ற இரவிலும் பிட்ஸா உண்டு, சத்தம்தான் இருக்காது. புள்ளிவிவரக்காரன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கணினியைத் திறக்கவில்லை. அவன் பங்கிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் பெட்டிக்குள் வைத்தான்.

ஊரில் விடியும் நேரம் பார்த்து போன் போட்டேன்.

"வியாழக்கிழமைம்மா."

அவள் ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் வாசல் தெளிக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப புதன்கிழமையே அரிசி ஊறப் போட்டுருதேன்" என்றாள்.