இரண்டாம் கியர்

எங்கள் கன்சில் அப்பாவின் பெயரில் இருக்கிறது. ஓட்டுவது அம்மா. பெரோடுவா இந்தக் காடியை 1994-இல் வெளியிட்டது, 2009-இல் உற்பத்தியை நிறுத்தியது. மலாயில் கன்சில் என்றால் சருகுமான். தோட்டத்தை விட்டுக் காப்பாரில் ஒரு தாமானுக்கு வந்த எங்கள் குடும்பத்துக்கு அதுதான் முதல் காடி.

அப்பாவுக்குப் போன வருடம் பக்கவாதம் வந்தது. இடது கை சரியாகப் பிடிமானம் இல்லை. வாரம் ஒருமுறை உடற்பயிற்சி சிகிச்சைக்குக் கிள்ளானுக்குப் போக வேண்டும். என்னிடம் இருப்பது டிஏ உரிமம், ஆட்டோ காடி மட்டும்தான் ஓட்டலாம். ஆகவே எல்லாமே அம்மாவின் தலையில்.

நான்கு மாதங்களுக்கு முன்பு அம்மா சொன்னார்: "சும்மா நிக்கும்போது ஊன்னு ஒரு சத்தம் வருதுயா. கிளட்ச மிதிச்சா நின்னுடுது. ரெண்டாவது கியர் போட்டா கறகறங்குது."

பட்டறைக்குப் போனோம். போமேன் அம்மாவை முழுதாகப் பேசவிடவில்லை. "கிளட்ச் பேரிங்தான்கா. பொம்பளைங்க கிளட்ச் மேலயே கால வெச்சிருப்பீங்க" என்று சிரித்தார். அப்பாவும் தலையாட்டினார். 380 வெள்ளி கட்டி வீட்டுக்கு வந்தோம். சத்தமும் கூடவே வந்தது. "ஒனக்கு ஓட்டத் தெரியல" என்று அப்பா முடித்துவிட்டார். பக்கத்து இருக்கையில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வந்த நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதன்பிறகுதான் கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்று படித்தேன். கிளட்ச் பேரிங்கின் மேல் சுமை ஏறுவதே மிதிக்கும்போதுதான். அது கெட்டிருந்தால் மிதிக்கும்போதுதான் கத்த வேண்டும். அம்மா சொன்னதோ நேரெதிர். காடி நியூட்ரலில் நிற்கும்போது, காலை எடுத்தால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் முதல் தண்டு எஞ்சினோடு சேர்ந்து சுற்றும். மிதித்தால் இணைப்பு அறுந்து நின்றுவிடும். சத்தமும் நின்றால், தேய்ந்தது அந்தத் தண்டின் பேரிங். அம்மா ஒரே மூச்சில் முழு நோயையும் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள்தான் நாங்கள் மூன்று பேரும் ஆண்கள்.

மறுபடி பட்டறைக்குப் போகக் காசு இல்லை. பழைய காடிகளை அறுத்து விற்கும் கடையில் 450 வெள்ளிக்கு ஒரு கியர்பாக்ஸ் வாங்கினேன். அப்பா செம்பனைக் குலை லாரி ஓட்டியவர், தோட்டத்துப் பட்டறையிலேயே ரிப்பேர் கற்றவர். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போட்டார். முதல் சண்டை ஜேக் பற்றி. "ரெண்டு கட்டைய வெச்சா போதும்டா" என்றார். நான் ஸ்டாண்டு இல்லாமல் காடிக்கு அடியில் போக மாட்டேன் என்றேன்.

பேட்டரியைக் கழற்றி, கியர் எண்ணெயை வடித்தேன். பழைய பேசினில் விழுந்த எண்ணெயில் தங்கப்பொடி தூவினாற்போல் மினுமினுப்பு. அப்பா பேசினைக் கிட்டே கொண்டுவரச் சொன்னார். வலது கை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"பித்தளை. சின்க்ரோ ரிங்கு தேஞ்சிருக்கு. கியர்பாக்ஸுதான்."

அம்மா கதவருகே நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

எஞ்சினுக்கு அடியில் பலகை வைத்து ஜேக்கால் தாங்கினோம். சக்கரங்களுக்குப் போகும் தண்டுகளைப் பிடுங்கி, ஸ்டார்ட்டரைக் கழற்றி, பெட்டியை இறக்க மதியமாகிவிட்டது. மாற்றுப் பெட்டியை ஏற்றுவதுதான் பெரும்பாடு. அரிசி மூட்டை கனம், என் நெஞ்சின் மேல். முதல் தண்டின் பற்கள் கிளட்ச் தட்டின் துளைக்குள் நுழைய மறுத்தன. அரை மணி நேரம் தள்ளினேன். அண்டை வீட்டு அண்ணன் வந்தும் நடக்கவில்லை.

"கியர்ல போடு. அப்புறம் வெளித்தண்ட மெதுவா திருப்பணும், பல்லு தானா ஒக்காரும்" என்றார் அப்பா. எழுந்து வந்து குனிந்தார். இடது கை தண்டைப் பற்றவில்லை, நழுவியது. மறுபடியும் முயன்றார். பிறகு, திரும்பிப் பார்க்காமலே, "நீ வாம்மா" என்றார்.

அம்மா கைலியைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். தண்டில் ஒரு பழைய தண்டைச் செருகி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். "இப்போ தள்ளுயா" என்றார். டக்கென்று பெட்டி உள்ளே போய் ஒட்டிக்கொண்டது.

அடுத்த வாரம் கிள்ளானுக்குப் புறப்பட்டோம். காப்பார் சாலையில் கொள்கலன் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். அன்று நான் காதில் எதையும் மாட்டவில்லை. சிவப்பு விளக்கு பச்சையாக, அம்மா ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினார். சத்தமே இல்லை. அப்பா அம்மாவின் இடது கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"பொட்டி நல்லாருக்கு" என்றார்.

"நான் சொன்னப்பவே கேட்டிருந்தா 380 வெள்ளி மிச்சம்" என்றார் அம்மா.

அப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு, காடியில் ஏதாவது சத்தம் வந்தால், அவர் முதலில் அம்மாவிடம்தான் கேட்கிறார்.