உக்குவளையில் ஒரு குவளை

கோப்பியில்லாத காலைப் பொழுதை யாழ்ப்பாணத்தவர் எண்ணிப் பார்ப்பதும் அரிது. மல்லியும் சுக்கும் சேர்த்து வறுத்து இடித்த கோப்பியை, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு மூக்குப்பேணியிலே பருகி வளர்ந்தவர் நாம். அத்தகைய எம்மை நோக்கி, "நாலு மணிக்குப் பின் கோப்பியைத் தொடக்கூடாது" என்று வைத்தியர் ஒருவர் கட்டளையிட்டால் எம் நிலை என்னாகும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். நித்திரைக் குறைவுக்கு அவர் கண்ட பரிகாரம் அது. விடைத்தாள் திருத்தும் இரவுகளில் அக்கட்டளையை மீறவும் முடியாமல், கைக்கொள்ளவும் முடியாமல் சில வாரங்கள் வாடினோம்.

எம்மிடம் வரலாறு பயின்று, இப்பொழுது மாத்தளைப் பகுதியில் ஆசிரியராயிருக்கும் அன்பர் ஒருவர் தொலைபேசியிலே இச்செய்தியைக் கேட்டு நகைத்தார். "விடுமுறைக்கு இங்கே வாருங்கள், சேர். கோப்பியின் இடத்திலே வைத்துக் குடிக்க ஒரு பொருள் என் வளவிலே காய்க்கிறது" என்றார். அப்பொருள் யாதென்று அவர் சொல்லவில்லை. அதனை அறியும் ஆவலே எம்மைப் பயணப்படச் செய்தது.

விடியற்காலையிற் புறப்பட்ட பஸ் வவுனியாவைக் கடந்து மதவாச்சியை அடைந்தபோது, மன்னாரிலிருந்து வரும் வீதி எம் வீதியோடு வந்து சேர்ந்தது. வரலாறு கற்பிப்போருக்கு இச்சந்தி வெறுஞ் சந்தியாகத் தோன்றுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மன்னார்க் கரையிலே வந்திறங்கிய மக்கள், காடு மண்டிய இவ்வழியே தம்புள்ளையைத் தாண்டி மாத்தளை வரை கால்நடையாகவே சென்றனர். கோப்பித் தோட்டங்களில் வேலை தேடிச் சென்றவர்களுள் வாந்திபேதியாலும் பசியாலும் களைப்பாலும் வழியிலேயே மாண்டோர் பலர். நாமோ சாய்ந்திருக்கும் ஆசனத்தில் அமர்ந்து, தம்புள்ளையிலே வடையும் தேநீரும் அருந்தி, சில மணி நேரத்தில் அதே வழியைக் கடந்துவிட்டோம்.

நாவுலவுக்கு அப்பால் நிலத்தின் நிறம் மாறியது. வரண்ட காடு பின்தங்க, மலைகள் இருபுறமும் நெருங்கி வந்தன. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிற் கோபுரத்தைத் தரிசித்து, அங்கிருந்து சில மைல் தெற்கேயுள்ள உக்குவளையை மாலைக்குள் அடைந்தோம்.

அன்பருடைய வளவு பெரிதன்று. பலாவும் கமுகும் சாதிக்காயும் நெருங்கி நிற்க, முள்முருக்கிலே மிளகுக் கொடி படர்ந்திருந்தது. அவற்றின் நிழலிலே நின்ற சில மரங்களைக் கண்டு நாம் திகைத்தோம். கிளை நுனியில் அல்ல, அடிமரத்திலேயே காய்கள் ஒட்டிக்கொண்டிருந்தன! சில செந்நிறம், சில பொன்னிறம். அருகே, சின்னஞ்சிறு வெண்பூக்கள். "இதுதான் சேர், கொக்கோ" என்றார் அன்பர்.

தகரப் பேணியில் அடைத்த மாவாகவும் வர்ணத் தாளிற் சுற்றிய இனிப்பாகவும் மட்டுமே நாம் அறிந்திருந்த பொருள் அது. தாவரவியலறிஞர் லின்னேயஸ் 1753 இல் இதற்கு இட்ட 'தியோபுரோமா' என்னும் பெயருக்குத் தேவருணவு என்பது பொருள். தென்னமெரிக்கக் காடுகளிற் பிறந்த இம்மரம் இம்மலைகளிலே பரவியதற்குக் கோப்பியின் வீழ்ச்சியும் ஒரு காரணம். 1869 இல் இலங்கைக் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த இருபதாண்டுகளில் தோட்டங்கள் அழிந்தொழிந்தன. துரைமார் சிங்கோனாவையும் தேயிலையையும் நாடினர். உயரங் குறைந்த மாத்தளை, உக்குவளை, தும்பறைப் பகுதிகளிலே கொக்கோவையும் நட்டனர். ஆகவே, கோப்பியின் இடத்திலே வைத்துக் குடிக்கும் பொருள் என்று அன்பர் சொன்னதில் எமக்கு இரட்டைப் பொருள் தோன்றியது.

மறுநாட் காலை, பக்கத்து லயத்திலிருந்து எழுபது வயது கடந்த மூதாட்டி ஒருவர் வந்திருந்தார். பதினைந்து வயது முதல் கொக்கோத் தோட்டத்திலே உழைத்தவர். காயை உடைப்பதில் அவருக்கு நிகர் அவரே. கத்தியின் பின்புறத்தால் ஒரே தட்டு, காய் பிளந்தது. உள்ளே வெண்ணிறச் சதை போர்த்த விதைகள் முப்பது நாற்பது கோவையாக இருந்தன. சதையைச் சுவைத்துப் பார்த்தோம். இனிப்பும் புளிப்பும் கலந்து நாவுக்கு இதமாயிருந்தது. "சின்னப் புள்ளைங்க இத சப்பிட்டு ஓடும். வெதயத் துப்பிட்டுப் போங்கன்னு கங்காணி வெரட்டுவாரு" என்று அவர் சிரித்தார்.

விதையை அப்படியே வறுத்தாற் பயனில்லை. சதையோடு பெட்டியிலிட்டு வாழையிலையால் மூடி, ஐந்தாறு நாள் புளிக்கவிட வேண்டும். இடையிடையே கிளறவும் வேண்டும். உள்ளே சூடு நாற்பத்தைந்து பாகைக்கு மேலும் ஏறும். சிறு குவியல் அவ்வாறு சூடேறாது. ஆகவே நாலைந்து வீட்டார் தம் விளைவை ஒன்றாகச் சேர்த்துப் புளிக்கவிடுகின்றனர். பின்னர் ஒரு வாரம் வெயில். இவ்வளவும் முடிந்த விதை ஒரு சுண்டு எமக்காக எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

அன்பருடைய இல்லாள் அதனை இருப்புச்சட்டியிலிட்டு இளந்தீயில் இருபது நிமிடம் வரை வறுத்தார். விதைகள் மெல்ல வெடிக்கத் தொடங்கியதும் இறக்கி, ஆறவிட்டு, கையாற் கசக்கிச் சுளகிலே புடைத்தார். தோல் பறந்தது, கரும்பருப்பு நின்றது. அதனை உரலிற் கொரகொரப்பாக இடித்தார். பருப்பிலே ஏறக்குறையப் பாதி கொழுப்பாதலால், மேலும் இடித்தால் தூளாகாது, களியாகிவிடும். குவளைக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம் இட்டு, கொதிநீர் ஊற்றி, பத்து நிமிடம் மூடி வைத்துத் துணியில் வடித்தார்.

உண்மையைச் சொன்னால், முதல் மிடறு எமக்கு ஏமாற்றமே. கோப்பியின் கடுமையும் இல்லை. கடைச் சொக்கலேற்றின் இனிமையும் இல்லை. செம்பழுப்பு நிறத்தில், தேநீர் போல் இலேசாக இருந்தது. மூன்றாம் மிடற்றில் மணம் மேலெழுந்தது. அடித்தொண்டையிலே மெல்லிய கசப்பொன்று தங்கியது. குவளை முடிந்தபோது மற்றொன்று வேண்டுமென்று தோன்றிற்று. நித்திரையைக் கலைக்கும் கஃபீன் இதிலே கோப்பியைவிட மிகக் குறைவு. தியோபுரோமின் என்னும் மென்மையான ஊக்கியே மிகுதி.

அப்பொழுதுதான் திண்ணையிலிருந்த மூதாட்டியை நினைத்தோம். அவருக்கும் ஒரு குவளை கொடுக்கப்பட்டது. அவர் அதனை உடனே அருந்தவில்லை, முகர்ந்து பார்த்தார். "நாப்பது வருசம் இதுல வேல செஞ்சேங்க ஐயா. பெட்டியில புளிச்ச வாடைதான் எனக்குத் தெரியும். இந்த வாசம் இதுக்குள்ள இருக்குன்னு தெரியாது" என்றார். பின் ஒரு மிடறு பருகி, "கொஞ்சம் சீனி போட்டாத் தேவல" என்றார். எல்லோரும் சிரித்தோம், ஆயினும் எம் நெஞ்சிலே ஏதோ தைத்தது. மூடை மூடையாக விதை கப்பலேறியது. அதனைப் புளிக்கவைத்துக் காயவைத்த கைகளுக்கு அதன் மணம் எட்டவில்லை. மாவாகித் தகரப் பேணியில் அது திரும்பி வந்தபோது, வாங்கும் வசதி அவர்களுக்கு இருக்கவில்லை.

கொக்கோவின் தாயகத்திலே வழக்கம் வேறு. மாயா மக்கள் அதனை நுரை பொங்கப் பருகினர். சுமார் 1300 ஆண்டுகளுக்கு முற்பட்ட மாயா மட்கலமொன்று இன்று அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அரும்பொருட்சாலையில் உள்ளது. ஒரு பெண் உயரத்திலிருந்து ஒரு கலத்தினின்று மற்றொரு கலத்துக்குக் கொக்கோவை ஊற்றும் காட்சி அதிலே தீட்டப்பட்டிருக்கிறது. எம் வீட்டுப் பெண்கள் கோப்பி ஆற்றும் முறையும் இதுவேயன்றோ! மெக்சிக்கோவில் மிளகாயும் வாசனைத் திரவியங்களும் அரைத்த குழம்பிலே இன்றும் சொக்கலேற்றைச் சேர்க்கின்றனர்.

இதனை நாம் சொல்லக் கேட்ட வீட்டுக்காரம்மா, அன்றைய கத்தரிக்காய்க் குழம்பிலே ஒரு தேக்கரண்டி கொக்கோத் தூளைச் சேர்த்தார். புளியின் கூர்மை தணிந்து, வறுத்த மிளகாய்த்தூளின் மணத்துக்கு ஆழம் கூடிற்று. இரவில் தேங்காய்ப்பாலும் கித்துள் கருப்பட்டியும் ஒரு துண்டு கறுவாவும் இட்டுக் காய்ச்சித் தந்தார். அதனை மூதாட்டிக்கும் அனுப்பினோம், மறுப்பின்றிப் பருகினாராம். வடித்தெடுத்த சக்கையை நாய்க்கு மட்டும் இடவேண்டாம்; மனிதருக்கு இதமான தியோபுரோமின் நாய்க்கு நஞ்சாகும்.

அயலில் மரங்கள் குறைந்து வருவதை அன்பர் காட்டினார். குரங்கும் அணிலும் காயைக் கொறித்துவிடுகின்றன; விலையும் போதவில்லை என்று பலர் வெட்டிவிட்டனர். மேற்கு ஆபிரிக்காவில் விளைவு குன்றியதால் 2024 இல் உலகச் சந்தையிலே தொன் ஒன்று பத்தாயிரம் டொலருக்கு மேல் விலைபோனபோது, வெட்டியவர்கள் வருந்தினராம். சந்தை விலையை நம்பி நட்ட மரம் அதே விலையால் வெட்டுண்டு போகும். வீட்டு அடுக்களை அறிந்த மரம் நிலைத்து நிற்கும் என்பது எம் எண்ணம். முருங்கையையும் கறிவேப்பிலையையும் விலை பார்த்தா வளர்க்கிறோம்?

ஊர் திரும்பும்போது ஒரு சிறு பை கொக்கோவைக் கொண்டுவந்தோம். இப்பொழுது காலையில் கோப்பி. மாலையில் பனங்கட்டியோடு கொக்கோ. வைத்தியர் கட்டளையும் காக்கப்படுகிறது. மூக்குப்பேணியிலிருந்து அம்மணம் எழும்போதெல்லாம், அதனை நாற்பதாண்டு காலம் அறியாதிருந்த மூதாட்டியின் முகமே எம் கண்முன் வருகிறது. வாசகர்களே, உங்கள் வளவிலோ அயலிலோ ஒரு கொக்கோ மரம் நின்றால், அதனை வெட்டுமுன் ஒரு கைப்பிடி விதையை வறுத்துப் பாருங்கள். முதற் குவளையை அம்மரத்தைப் பேணியவருக்குக் கொடுங்கள்.