கண்ணில்லாத் தாய்

சகோதரிகளே, நோன்பு வருவதற்கு முன் வீடு வாசல் கழுவித் துப்புரவாக்குவது நம் எல்லோருக்கும் வழக்கம்தானே. சென்ற முறை, அலுமாரிக்குப் பின்னாலிருந்து ஓடிய பெரிய எட்டுக்கால் பூச்சியொன்றைத் தும்புத்தடியால் அடித்துவிட்டேன். அதன் வயிற்றுக்கடியில் வெள்ளையாய், வட்டமாய் ஒரு முட்டைப் பை இருந்ததைப் பிறகுதான் கண்டேன்.

"உம்மா, அது பிள்ளைத்தாய்ச்சி!" என்றாள் இளைய மகள். பகல் முழுவதும் என்னோடு பேசவில்லை.

இரவு ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில், கொலோவாப் பகுதிக் குகைகளில் மட்டும் வாழும் ஓநாய்ச் சிலந்தி. 1971இல் கண்டுபிடித்து, 1973இல் பெயர் சூட்டினார்களாம். இதன் இனத்தாருக்கு எட்டுக் கண்கள். அவற்றில் இரண்டு நல்ல பெரியவை. இதற்கோ ஒன்றுமில்லை. என்றைக்கும் விடியாத இடத்தில் கண் எதற்கு? வலை பின்னிக் காத்திருக்கும் வழக்கமும் இதற்கில்லை. தொட்டும் வாடை பிடித்தும் தேடிப் போய் இரை பிடிக்கும்.

எரிமலைக் குழம்பு ஓடும்போது மேற்புறம் ஆறி இறுக, உள்ளிருந்தது வடிந்து போனதால் உண்டான சுரங்கங்கள்தான் அந்தக் குகைகள். மேலே நிற்கும் மரங்களின் வேர்கள் கூரையைத் துளைத்து உள்ளே தொங்கும். உக்கிய வேரைத் தின்ன, இறாலுக்குத் தூரத்து உறவான, கண்ணில்லாத சிற்றுயிர் ஒன்று வரும். அதுதான் சிலந்திக்கு உணவு. மேலே மரத்தை வெட்டினால் கீழே அடுப்பு அணைந்துவிடும். காற்றில் ஈரம் வற்றினாலும் இதற்குத் தாங்காது. ஹோட்டல்களும் வீடுகளும் பெருகி, பூச்சிமருந்தும் மண்ணில் இறங்கும் இடம் அது. 2000இல் அமெரிக்க அரசு இதனை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது.

நான் திரும்பத் திரும்ப வாசித்தது வேறொன்றை. மற்ற ஓநாய்ச் சிலந்திகள் நூற்றுக்கு மேலும் முட்டையிடும். இது இடுவதோ 15 முதல் 30 வரைதான். பொரிக்கும்வரை அந்தப் பையை வாயிலேயே கவ்விக்கொண்டு திரியுமாம். பிறகு குஞ்சுகளைச் சில நாட்கள் முதுகில் சுமக்குமாம். ஒன்றின் முகத்தையும் அது கண்டதில்லை.

எங்கள் அலுமாரியை நான் இன்னும் சுவரோடு ஒட்டித் தள்ளவில்லை. பின்னால் வேறொன்று வந்திருக்கிறது என்கிறாள் மகள்.