குறியெதிர்ப்பை

கடலிலிருந்து வெகுதொலைவில், கண்மாய்க் கரைகளும் சீமைக்கருவேலமும் சூழ்ந்த இவ்வூருக்குக் கப்பலூர் என்று பெயர் வந்த காரணத்தை ஆராய இது இடமில்லை. ஆனால் கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்று முன்னோர் சொன்னதை, 2024 ஜூன் மாதத்து முற்பகல் ஒன்றில், வங்கிக் கிளையொன்றின் நாற்காலிகளில் அமர்ந்தபடி நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் மீறினோம். மேலாளர் தம் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பியிருந்தார். அதில் 584 என்றோர் எண் இருந்தது.

நாங்கள் என்பதைச் சற்று விளக்கியாக வேண்டும். எங்களில் ஒருவர் சுயநிதிக் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் வாடகைக் கொட்டகையில் லேத் பட்டறை நடத்தியவர். கடன் யார் பெயரில் இருந்தது, தவணை யாரால் தவறியது என்று பிரித்துச் சொல்வதில்லை என அன்றே முடிவு செய்துகொண்டோம். பிரித்துப் பேசினால் கதை வழக்காகிவிடும். சிபில் நிறுவனத்துக்குத்தான் தன்மைப் பன்மை தெரியாது. அதன் இலக்கணத்தில் எல்லோரும் ஒருமை. எனவே 584 எங்களில் ஒருவருக்கு உரியது. மற்றவருக்கு அதைவிட விசித்திரமான எண்: -1. வாழ்நாளில் கடனே வாங்காதவர் என்பது அதன் பொருள். கடன் வாங்கித் தவறியவரை ஐயுறுவது புரிகிறது. வாங்காதவரையும் அதே முகத்தோடு பார்த்தார் மேலாளர். எங்கள் தந்தையர் இருவரும் மதிப்பெண் இல்லாமலேயே போய்ச் சேர்ந்தவர்கள். நல்லவேளை.

நடந்தது இதுதான். 2018இல் பட்டறைக்காக 4 லட்சம் ரூபாய் தனிநபர் கடன் வாங்கினோம். கூடவே ஒரு கடன் அட்டை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மார்ச் முதல் ஆகஸ்டு வரை ஆறு மாதங்களுக்குத் தவணைகளை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி இடமளித்தது, ஒத்திவைத்தோம். வட்டி ஒத்திவைக்கப்படவில்லை என்பதைச் செப்டம்பரில் அறிந்தோம். கல்லூரியில் பாதிச் சம்பளம். பட்டறைக்கு வேலை கொடுத்துவந்தவர்களுக்கே வேலை இல்லை. அட்டையில் நிலுவை 1,18,400 ரூபாயாக ஏறியது. 2021 டிசம்பரில் வசூல் முகவர் ஒருவர், 52,000 ரூபாயை ஒரே தவணையில் கட்டினால் கணக்கு முடிந்தது என்றார். கட்டினோம். கடிதம் வந்தது. அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தோம். 2022இல் லேத்தை விற்றுத் தனிநபர் கடனையும் அடைத்தோம். தொல்லை ஒழிந்தது என்றுதான் நினைத்திருந்தோம்.

'முடிந்தது' என்ற சொல்லுக்கு வங்கி அகராதியில் இரண்டு பொருள் உண்டு. முழுத்தொகையும் கட்டியவரின் கணக்கு 'குளோஸ்டு'. குறைத்துப் பேசிக் கட்டியவரின் கணக்கு 'செட்டில்டு'. முன்னது விடுதலை, பின்னது, இவரால் இவ்வளவுதான் முடிந்தது என்று அடுத்தவருக்கு எழுதி வைக்கும் குறிப்பு. இருபதாண்டுகளாகச் சொற்பொருள் வேறுபாடுகளை வகுப்பில் நடத்தியவர் வீட்டில் இந்த வேறுபாடு தெரியாமல் போனது பற்றி இப்போது சிரிக்க முடிகிறது.

வீட்டுக்கடன் மறுக்கப்பட்டது. அதைவிட எங்களை உலுக்கியது மேலாளர் போகிற போக்கில் சொன்னது: "பொண்ணு காலேஜ் லோனுக்கு வருவீங்கள்ல, அப்பவும் இதைத்தான் பார்ப்பாங்க சார்." கல்விக்கடனில் பெற்றோர் இணைக்கடனாளி. மகள் அப்போது பதினோராம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். கேரள உயர் நீதிமன்றம் 2023இல், மாணவரின் மதிப்பெண் குறைவு என்பதற்காகக் கல்விக்கடனை மறுக்கலாகாது என்று சொன்னதைப் பிறகு படித்தோம். ஆனால் நீதிமன்றம் போய்க் கடன் வாங்க எத்தனை பேருக்குத் தெம்பிருக்கும்? எங்கள் தவறிய தவணைகள் அவள் விண்ணப்பத்தின் ஓரத்தில் வந்து நிற்கும் என்ற எண்ணமே இரண்டு இரவுகளை விழுங்கியது.

இந்த இடத்தில், இராவணனின் கலக்கத்தைக் கடனாளியின் நெஞ்சோடு ஒப்பிடும் அந்தப் புகழ்பெற்ற அடியைக் கம்பன் பெயரால் மேற்கோள் காட்டுவது மேடை வழக்கம். அது கம்பனில் இல்லை. அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்தில் உள்ளது. எத்தனை முறை சொன்னாலும் பட்டிமன்றங்கள் கேட்பதாயில்லை. போகட்டும்.

மூன்றாம் நாள் அறிக்கையை முழுதாக வாங்கிப் பார்த்தோம். நாட்டில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. சிபில் அவற்றுள் மூத்தது, 2000இல் தொடங்கப்பெற்றது. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறை. 300க்கும் 900க்கும் இடையே நம்மை நிறுத்தும் அந்தத் தாள்களைக் கல்வெட்டுப் படிப்பது போலத்தான் படிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கணக்கின் கீழும் 36 மாதங்களுக்குக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தவணை எத்தனை நாள் தாமதம் என்ற எண். எங்கள் 2021 முழுவதும் அங்கே இருந்தது. மகளுக்குக் காய்ச்சல் கண்ட மாதம், பட்டறை மின்கட்டணம் கட்டிய மாதம் எல்லாவற்றையும் அந்த எண்களைக் கொண்டே நினைவுகூர முடிந்தது.

அப்போதுதான் நாங்கள் வாங்கவே வாங்காத இருசக்கர வாகனக் கடன் ஒன்றும் எங்கள் கணக்கில் நிற்பதைக் கண்டோம். அதே பெயர், அதே முதலெழுத்து. தந்தை பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கிக்கொள்ளும் நம் மரபுக்கு, குடும்பப் பெயரை எதிர்பார்க்கும் இந்தக் கணினி ஏற்பாட்டில் இப்படியும் ஒரு விலை உண்டு போலும். முறையீடு செய்தோம். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கி விதி அவ்வாண்டு ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. 27ஆம் நாள் பிழையை நீக்கிவிட்டார்கள். இழப்பீடு போயிற்றே என்று எங்களில் ஒருவர் வருந்தியதையும் பதிவு செய்கிறோம்.

பின்னர் செய்தவை சுவையற்றவை. 25,000 ரூபாயை வைப்பாகப் போட்டு, அதை ஈடாகக் கொண்டு -1காரர் பெயரில் ஓர் அட்டை வாங்கினோம். மற்றவர் நகையின் பேரில் சிறு கடன் எடுத்து நாள் தவறாமல் கட்டினார். புதிய கடன் கேட்டு எங்கும் விண்ணப்பிக்கவில்லை. கேட்பதும்கூட அறிக்கையில் பதிவாகிறது. 2025 ஜனவரி முதல் வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்றானது. அந்த ஆண்டின் இறுதியில் 584 என்பது 706 ஆயிற்று.

இதற்கிடையே, எந்த அறிக்கையிலும் இல்லாத கடன் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2020இல் எட்டு மாதங்கள் எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சி பற்று நோட்டில் எழுதி எழுதிப் பொருள் கொடுத்தார். ஒருமுறைகூடக் கேட்கவில்லை. 2021 பொங்கலுக்குப் பின் சிறுகச் சிறுகக் கொடுத்து முடித்தபோது, பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு, "டீ சாப்பிடுறீயளா?" என்றார். அவ்வளவுதான் அவருடைய நிலுவையின்மைச் சான்று.

புறநானூற்றின் 163ஆம் பாட்டில், குமணனிடம் பரிசில் பெற்றுத் திரும்பிய பெருஞ்சித்திரனார், யார்யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று மனைவியிடம் அடுக்குகிறார். அந்த வரிசையில், வீட்டின் பசி தீரக் குறியெதிர்ப்பை கொடுத்து உதவியவர்களும் உண்டு. அளவு குறித்து வாங்கி, அதே அளவில் திருப்பித் தருவது குறியெதிர்ப்பை. திருக்குறளிலும் இச்சொல் வருகிறது. ஆண்டுதோறும் இப்பாட்டை நடத்தும்போது புலவரின் ஈகைக் குணத்தையே விரித்துப் பேசிவந்தோம். வாசலில் நாழியோடு நின்ற அந்த அம்மையாரின் நீண்டநாள் கடன்களை ஏனோ விட்டுவிட்டோம். கடன் என்ற சொல்லே 312ஆம் பாட்டில் பொன்முடியாரிடம் கடமை என்றுதானே நிற்கிறது.

சங்கடம் இங்குதான் வந்தது. குறைத்துக் கட்டிய 66,400 ரூபாயை இப்போது கட்டிவிட்டால் 'செட்டில்டு' என்பதைக் 'குளோஸ்டு' ஆக்கலாம் என்றார்கள். சட்டப்படி நாங்கள் அதைத் தர வேண்டியதில்லை. அவர்களே விட்டுக்கொடுத்த தொகை. அதில் பாதிக்குமேல் வட்டியும் அபராதமும்தான், வாங்கிய அளவைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, இது குறியெதிர்ப்பை ஆகாது என்று எங்களில் ஒருவர் வாதிட்டார். அதே பணம் மகளின் முதலாண்டுக் கட்டணத்துக்கு ஆகுமே என்றும் கேட்டார். மற்றவர், கையெழுத்துப் போட்டபோது வட்டியையும் சேர்த்துத்தான் ஒப்புக்கொண்டோம் என்றார். ஒரு வாரம் பேச்சு வார்த்தை குறைந்திருந்தது. கேட்டுக்கொண்டிருந்த மகள், "ரெண்டு பேரும் எனக்காகக் கட்டுறீங்களா, உங்களுக்காகக் கட்டுறீங்களா?" என்றாள். இருவரிடமும் விடையில்லை.

கட்டுவதென்று முடிவாயிற்று. வீடு இப்போதைக்கு வேண்டாம்; வாடகை வீட்டிலிருந்தே திருப்பரங்குன்றத்து மலை தெரிகிறது. கல்விக்கடன் முதலில். 4 லட்சத்துக்குள் நின்றால் ஈடும் தனிப்பிணையும் கேட்பதில்லை என்பதால், அந்த அளவுக்குள் அடங்கும் கல்லூரிகளை மகளே குறித்து வைத்திருக்கிறாள். இணைக்கடனாளியாக யார் கையெழுத்திடுவது என்பதில் மட்டும் இழுபறி. -1 இப்போது ஓர் எண்ணாகிவிட்டது. ஆயினும் 706காரர் தாமே போடுவதாகப் பிடிவாதமாக இருக்கிறார்.

பணத்தோடு அட்டை தந்த வங்கிக்குப் போனோம். அங்கிருந்த இளைஞர் நெடுநேரம் திரையைப் பார்த்தார். இந்தக் கணக்கு மூடி நான்கு வருடத்துக்கு மேலாகிறது, எந்தத் தலைப்பில் வரவு வைப்பதென்று தமக்குத் தெரியவில்லை, தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார். திரும்பும் வழியில் அண்ணாச்சி கடையில் இரண்டு கிலோ துவரம்பருப்பு வாங்கினோம். சில்லறை இல்லை, நோட்டில் எழுதிக்கொண்டார்.