சாருலதா: ஒன்றுமே நடக்காத படமா?

சத்யஜித் ரேயின் 'சாருலதா'வைப் பார்த்தவர்களிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் பெரும்பாலும் நான்கு பதில்களில் ஒன்றுதான் வருகிறது. விடுதியில் இதுவரை ஏழெட்டுப் பேரையாவது பிடித்து உட்கார வைத்து இந்தப் படத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறேன் (பாவம் அவர்கள்). எல்லோரும் இந்த நாலுக்குள் அடங்கிவிட்டார்கள்.

ஒன்று: "செம ஸ்லோ மச்சி. ஒண்ணுமே நடக்கல."

இரண்டு: "என்னதான் இருந்தாலும் அண்ணி முறை. தப்பு தப்புதானே?"

மூன்று: "அந்தப் புருஷன் பாவம்டா. என்ன தப்பு பண்ணான் அவன்?"

நான்கு, இது கொஞ்சம் படிக்கிற கூட்டம்: "தாகூர் கதையில இப்படி இல்லையே."

நான்குமே நியாயமான கருத்துகள்தான். ஆனால் நாலு பேருமே ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்தப் படத்தில் ஒரு பெண் எழுதுகிறாள். அவள் எழுதியது அச்சில் வருகிறது. அதே நாளில் இனி எழுதமாட்டேன் என்கிறாள். காதல், துரோகம் எல்லாவற்றையும் பேசுகிறோம், இதை மட்டும் யாரும் பேசுவதில்லை. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். முழுக்கதையையும் சொல்லப் போகிறேன், எனவே படம் பார்க்காமல் கதை தெரியக் கூடாது என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் கதைச் சுருக்கம். 1879, 1880 வாக்கில் கல்கத்தா. பூபதி என்ற பணக்காரர் 'சென்டினல்' என்று ஓர் ஆங்கில அரசியல் பத்திரிகை நடத்துகிறார். வீட்டிலேயே அச்சகம். அவருடைய மனைவி சாரு. குழந்தை இல்லை, வேலை இல்லை, பெரிய வீடு, நீளமான மதியங்கள். படத்தின் ஆரம்பமே அதுதான். சாரு கைக்குட்டையில் கணவனின் பெயரின் முதல் எழுத்தை எம்ப்ராய்டரி செய்கிறாள். அலமாரியில் பங்கிம் சந்திரரின் புத்தகத்தைத் தேடுகிறாள். கைப்பிடி வைத்த ஒரு சின்ன பைனாகுலரை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடி, தெருவில் போகிற குரங்காட்டியையும் பல்லக்கையும் குடைபிடித்த மனிதரையும் பார்க்கிறாள். அப்போது கணவன் புத்தகத்தில் மூழ்கியபடி அவளைத் தாண்டிப் போகிறான். அவளைப் பார்க்கவே இல்லை. சாரு அதே பைனாகுலரால் அவன் முதுகைப் பார்க்கிறாள். தெருவில் போகிறவர்களும் கணவனும் அவளுக்கு ஒரே தூரத்தில் இருக்கிறார்கள். இதற்கு ஒரு வரி வசனம் கிடையாது.

அப்புறம் புயலோடு புயலாக வந்து சேர்கிறான் பூபதியின் தம்பி முறையான அமல். கல்லூரி முடித்தவன், பாட்டு, கவிதை என்று திரிகிறவன். (சௌமித்ர சட்டர்ஜி. அவருக்குப் பாட்டு பாடியவர் கிஷோர் குமார்!) சாருவுக்கு எழுத்தில் ஆர்வம் இருக்கிறது, அவளுக்கே தெரியாமல் கொஞ்சம் தூண்டிவிடு என்று பூபதியே அமலிடம் சொல்கிறார். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் மனைவி என்ன எழுதுகிறாள் என்று தானே பக்கத்தில் உட்கார்ந்து கேட்க அவருக்கு நேரமில்லை. அந்த வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டார்.

இப்போது முதல் பதிலுக்கு வருகிறேன். "ஒண்ணுமே நடக்கல." இந்தப் படத்தில் முகங்களை விட்டுவிட்டுக் காகிதங்களைப் பின்தொடர்ந்து பாருங்கள், எவ்வளவு நடக்கிறது என்று தெரியும்.

தோட்டத்தில் சாரு ஊஞ்சலாடுகிறாள், அமல் பாயில் குப்புறப் படுத்து எழுதுகிறான். அந்த நோட்டுப் புத்தகம் சாரு தன் கையால் செய்து கொடுத்தது. ஒரே ஒரு நிபந்தனை: இதில் எழுதுவதை எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பக் கூடாது. அமலும் சரி என்கிறான். இது விளையாட்டுப் பேச்சு மாதிரி கடந்து போகிறது. எனக்கு இதுதான் படத்தின் காதல் காட்சி. நீ எழுது, நான் படிக்கிறேன், வேறு யாருக்கும் வேண்டாம் என்கிறாள். இதைவிட அந்தரங்கமாக ஒரு பெண் ஓர் ஆணிடம் என்ன கேட்டுவிட முடியும்?

அமல் அனுப்பிவிடுகிறான். பத்திரிகையில் வந்தும் விடுகிறது. அவனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சாருவின் முகத்தைப் பாருங்கள். அமல் யாரையோ முத்தமிட்டதைப் பார்த்திருந்தால்கூட அவள் இப்படி அடிபட்டிருக்க மாட்டாள். அமலுக்குக் கடைசிவரை இது உறைப்பதில்லை. அவனைப் பொறுத்தவரை எழுத்து என்றால் அச்சில் வருவது, நாலு பேர் பாராட்டுவது. நம்மில் பலரைப் போல.

சாரு கோபத்தில் எழுத உட்காருகிறாள். முதலில் வருவதைக் கிழித்து எறிகிறாள். பிறகு ஊஞ்சலில் உட்கார்ந்து யோசிக்கிறாள். அவள் முகத்தின் மேலேயே அவள் பிறந்த ஊர் வந்து போகிறது. ஆறு, படகுகள், திருவிழா, வாணவேடிக்கை. 'என் கிராமம்' என்று எழுதி, அமல் எழுதுவதைவிடப் பெரிய பத்திரிகைக்கு அனுப்பி, பிரசுரமும் ஆகிவிடுகிறது. அமல் அமாவாசை இரவைப் பற்றி அலங்காரமாக எழுதுகிறான். இவள் பார்த்ததை எழுதியிருக்கிறாள். யார் எழுத்தாளர் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

அந்தப் பத்திரிகையைக் கொண்டு போய் அமலின் தலையில் ஓர் அடி அடிக்கிறாள். ஜெயித்துவிட்டாள். அடுத்த கணம் அவன் மார்பில் சாய்ந்து அழுகிறாள், இனி எழுதமாட்டேன் என்கிறாள். அமல் விக்கித்துப் போகிறான். "நீ எழுத வேண்டும், நிறுத்தாதே" என்கிறான். உண்மையாகவே சொல்கிறான். ஆனால் அவள் அழுவது எதற்கு என்று அவனுக்கு மெதுவாகத்தான் புரிகிறது. அவள் எழுதியது ஊருக்காக அல்ல, ஒரே ஒரு ஆளுக்காக.

எல்லோரும் அந்த அணைப்பைப் பற்றிப் பேசுகிறோம். எனக்கு நெஞ்சை அறுப்பது அந்த "எழுதமாட்டேன்"தான். அது எந்தக் காலம் என்று யோசித்துப் பாருங்கள். வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி என்று ஒரு அம்மா இருந்தார். பெண் படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்பிய காலத்தில் 'சைதன்ய பாகவத' ஏட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து, சமையலறையில் ஒளித்து வைத்து, யாருக்கும் தெரியாமல் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவர். அவருடைய தன்வரலாறு 1876இல் அச்சானது. சந்திரமுகி பாசுவும் காதம்பினி கங்குலியும் முதல் பெண் பட்டதாரிகள் ஆனது 1883இல். சாரு கற்பனைப் பாத்திரம்தான், ஆனால் இந்த இரண்டு வருடங்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் காலத்தில் ஒரு பெண் தன் பெயரில், தன் ஊரைப் பற்றி, தன் மொழியில் எழுதி அச்சில் பார்ப்பது சாதாரண விஷயமா? அதை ஒரு நிமிடத்தில் தூக்கிப் போடுகிறாள், தன்னைப் படிக்க வேண்டியவன் சரியாகப் படிக்கவில்லை என்பதற்காக.

இரண்டாவது பதில், அண்ணி விவகாரம். நம் ஊரில் "அண்ணி அம்மா மாதிரி" என்று கேட்டே வளர்ந்திருக்கிறோம், அதனால் சங்கடம் வரத்தான் செய்யும். வங்காளத்தில் அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் நடுவே கேலி, கிண்டல், தோழமை எல்லாம் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். கூட்டுக்குடும்பத்துக்குள் வரும் இளம் மனைவிக்குத் தன் வயதில் பேச்சுத் துணை என்று கிடைப்பவன் பெரும்பாலும் அவன்தான். எது எல்லை என்று அவர்களுக்கே தெரியாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். தெரிந்த நிமிடத்தில் அமல் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு வீட்டைவிட்டே போய்விடுகிறான். சரியா தப்பா என்று தீர்ப்பு சொல்ல நமக்குப் படம் வாய்ப்பே கொடுப்பதில்லை. அவர்களே தங்களுக்குத் தண்டனை கொடுத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது பதிலோடு நான் முக்கால்வாசி உடன்படுகிறேன். பூபதி பாவம்தான். சாருவின் அண்ணன் உமாபதாவை நம்பிப் பத்திரிகையின் பண விவகாரத்தை ஒப்படைக்கிறார், அவன் சுருட்டிக்கொண்டு ஓடுகிறான். சைலேன் முகர்ஜி அந்த உடைந்த மனிதரை அவ்வளவு கண்ணியமாக நடித்திருக்கிறார். ஆனால் 1880இல் இங்கிலாந்துத் தேர்தலில் கிளாட்ஸ்டனின் லிபரல் கட்சி ஜெயித்ததற்கு வீட்டில் விருந்து வைக்கும் அளவுக்கு லண்டன் நிலவரம் தெரிந்தவருக்கு, அடுத்த அறையில் யார் என்ன எழுதுகிறார்கள் என்பது தெரியவில்லை. கெட்டவர் இல்லை. படிக்கத் தெரிந்தவர், வீட்டில் இருப்பதைத் தவிர.

அமல் போன பிறகு கணவனும் மனைவியும் கடற்கரையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். சாருதான் யோசனை சொல்கிறாள்: மறுபடி பத்திரிகை தொடங்கலாம், ஆங்கிலத்தில் அரசியல் உங்கள் பொறுப்பு, வங்காளப் பகுதி என் பொறுப்பு. பூபதி பூரித்துப் போகிறார். என் கணக்கில் படத்தின் மிக சந்தோஷமான இடம் இதுதான். முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே காகிதத்தில் இருக்கப் போகிறார்கள். சாருவும் எழுதுவாள், இந்த முறை யாரோ ஒருவனுக்காக இல்லாமல்.

வீடு திரும்பினால் அமலிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. சாரு தனியாக இருக்கிறோம் என்று நினைத்து உடைந்து அழுகிறாள். பூபதி பார்த்துவிடுகிறார். அவ்வளவுதான். ஒரு கடிதம் அந்தப் பத்திரிகையைப் பிறப்பதற்கு முன்பே கொன்றுவிடுகிறது.

நான்காவது பதில். 1901இல் வந்த தாகூரின் 'நஷ்டநீட்' (சிதைந்த கூடு) கதையில் பூபதி மைசூருக்கு ஒரு பத்திரிகையின் ஆசிரியராகப் புறப்படுகிறார். என்னையும் கூட்டிப்போ என்று சாரு கேட்கிறாள். அவர் தயங்கி மறுத்து, பிறகு சரி வா என்னும்போது, அவள் வேண்டாம், இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறாள். படத்தில் வாசலில் சாரு கையை நீட்டுகிறாள், அவரும் நீட்டுகிறார், இரண்டு கைகளும் சேர்வதற்கு முன்பே காட்சி உறைந்துவிடுகிறது. படம் 1964இல் வந்தபோது வங்காளத்திலேயே இதற்காகச் சண்டை நடந்தது. மூலக்கதையை மாற்றிவிட்டார் என்று குறை சொன்ன விமர்சகருக்கு 'சாருலதா பிரசங்கே' என்று நீண்ட கட்டுரையே பதிலாக எழுதினார் ரே. எனக்கு இரண்டு முடிவும் பிடித்திருக்கிறது. கதையில் அவள் ஒரு வார்த்தையில் கதவை மூடுகிறாள். படத்தில் மூடாத கதவின் முன்னால் நாம் நிற்கிறோம்.

இந்தக் கூட்டத்திலேயே இன்னொரு கிளை உண்டு: "இது தாகூரின் சொந்தக் கதை தெரியுமா?" தாகூரின் அண்ணி காதம்பரி தேவி அவருடைய ஆரம்ப எழுத்துகளின் வாசகி. தாகூருக்குத் திருமணமான சில மாதங்களில், 1884இல் தற்கொலை செய்துகொண்டார். இது வரலாறு. அதற்குமேல் என்ன இருந்தது என்று தோண்டுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. ஆனால் 'வாசகி' என்ற அந்த ஒரு வார்த்தை போதும், சாரு எங்கிருந்து வந்திருப்பாள் என்று யூகிக்க.

கொசுறாக: கான் விழா இந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1965இல் பெர்லின் விழாவில் ரேக்குச் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி கிடைத்தது. தன் படங்களில் குறை குறைந்தது இதுதான், மறுபடி எடுத்தாலும் இப்படியே எடுப்பேன் என்று சொன்னவர் அவர்.

நாமும் எழுதத் தொடங்கியது யாரோ ஒருத்தர் படிக்க வேண்டும் என்றுதான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிய கவிதை, அனுப்பாத மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் ஒரு முகவரி இருந்திருக்கும். அந்த ஆள் ஒருநாள் போய்விடுவார். அப்போது எழுத்தும் கூடவே போக வேண்டுமா என்பதுதான் சாரு என்னிடம் கேட்கிற கேள்வி. கடற்கரையில் அவள் சொன்ன அந்த யோசனையை நினைத்துப் பார்க்கிறேன். இல்லை, போக வேண்டாம் என்று அவளே ஒரு நிமிடம் கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்கு அந்த ஒரு நிமிடம்தான் கிடைத்தது. நமக்கு அவ்வளவு நெருக்கடி இல்லை.

இன்னும் பார்க்காதவர்கள் ஒரு மழை நாளில், போனைத் தூர வைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கும் குறைவுதான். அந்த நாலு பதிலையும் விட்டு ஐந்தாவதாக ஏதாவது தோன்றினால் எனக்கும் சொல்லுங்கள்.