போரில் ஒரு டார்பிடோகூட வீசாத நீர்மூழ்கி!

எங்கள் ஊர் பழையசீவரம். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம். ஆனால், முக்கால்வாசி நாள் மணல்தான் தெரியும். அந்த ஊர்க்காரியான எனக்கும் தாத்தாவுக்கும் கப்பல் பார்க்க ஆசை வந்தது. சென்ட்ரலில் ராத்திரி ரயில் ஏறி விசாகப்பட்டினம் போய்விட்டோம்.

ராமகிருஷ்ணா கடற்கரை மணலில் நிற்கிறது ஐ.என்.எஸ். குர்சுரா. 91 மீட்டர் நீள நீர்மூழ்கிக் கப்பல். 1969-ல் சோவியத் யூனியனில் நம் கடற்படையில் சேர்க்கப்பட்டது. 2001-ல் ஓய்வு பெற்று, அடுத்த ஆண்டே மியூசியமானது.

உள்ளே குனிந்து குனிந்துதான் நடக்கணும். டார்பிடோவுக்குப் பக்கத்திலேயே படுக்கை! சுமார் 75 பேர் இதற்குள் இருந்திருக்கிறார்கள். எனக்குப் பத்து நிமிஷத்திலேயே மூச்சு முட்டியது.

"எத்தனை கப்பலை மூழ்கடிச்சுது?" தாத்தா கேட்டார். வழிகாட்டியாக இருந்த முன்னாள் கடற்படை வீரர் சிரித்தபடி கையை விரித்தார். ஒன்றுகூட இல்லையாம்.

1971 நவம்பரில் குர்சுரா அரபிக்கடலில் ரோந்து போனது. எதிரி என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே தாக்கலாம் என்பது உத்தரவு. டிசம்பர் 2 அன்று ரோந்து முடித்துக் கிளம்பியது. 3-ம் தேதி மாலை போர் வெடித்தது. 4-ம் தேதி பம்பாய் வந்து சேர்ந்தது. எல்லாரும் பத்திரம்.

அதே 3-ம் தேதி நள்ளிரவில், இதே விசாகப்பட்டினத்துக்கு வெளியே பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி மூழ்கியது. 93 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தைத் தேடித்தான் அது வந்தது. நம் நாகர்கோவில்காரர் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமான் பக்கம் அனுப்பிவிட்டு, ராஜ்புத் என்ற பழைய போர்க்கப்பலை விக்ராந்த் மாதிரி நடிக்க வைத்திருந்தார். ராஜ்புத் போட்ட குண்டில்தான் காஸி மூழ்கியது என்கிறது நம் கடற்படை. உள்ளேயே ஏற்பட்ட விபத்து என்கிறது பாகிஸ்தான்.

இரண்டாம் உலகப் போரையும் பார்த்த அந்த ராஜ்புத்தை 1976-ல் ஓய்வு கொடுத்து, உடைத்துவிட்டார்கள். அதையல்லவா நிறுத்தி வைத்திருக்கணும்!

வெளியே வந்ததும் தாத்தா கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த 93 பேரும் இன்னும் அங்கேயேதான் இருக்காங்களாம்மா?"

"ஆமா தாத்தா."

அப்புறம் அவர் சுண்டல்கூட வேண்டாம் என்றுவிட்டார்.

போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை விடுமுறை. முட்டிவலி உள்ளவர்கள் யோசித்து ஏறுங்கள்!